மலாயாவில் மோசம் போனவரை எங்கே தேடுவது?



"எங்கடை அம்மப்பா மலாயாவிலை மோசம் போனவர். எப்ப, எந்த ஊரிலை எண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் இல்லை. இனித் தேடிப் பிடிக்கலாமோ?" குடும்ப வரலாறு பற்றிய உரை எங்கள் வானொலியில் ஒலிபரப்பான பின் வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் வந்தன. கேட்டவர்களில் ஓர் அம்மாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. தகப்பன் போன நாள் தெரியாததால் ஆயுள் முழுக்க ஆடி அமாவாசையிலேயே விரதம் பிடித்து வருகிறார். "அது எல்லாருக்குமான நாள், தம்பி. என்ரை ஐயாவின்ரை திதி எது?" என்று கேட்டார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்குமாக இந்த மாத மலரில் அந்த விடயத்தையே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டுக் காகிதங்கள் போய்விட்டன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ட்றங்குப் பெட்டியோடு விட்டு வந்த உறுதிகளும் கடிதங்களும் திரும்பப் போனபோது இல்லை. வன்னியில் இருந்தவர்கள் 2009 வரை மிஞ்சியதையும் இழந்தார்கள். ஆனால் மலாயாவில் இறந்த ஒருவரின் இறப்பு, அவர் இறந்த இடத்துப் பதிவுகாரரின் புத்தகத்தில்தான் எழுதப்பட்டது. அந்தப் புத்தகம் எங்கள் போரைக் காணவில்லை. பேரனாரின் கல்லறை இன்று இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவரைப் பற்றிய காகிதம் இருக்கும் என்று நம்பித் தேடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தவர்கள் மலாயாவுக்குப் போகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த பெடியளுக்குப் புகையிரதப் பகுதியிலும், நில அளவைப் பகுதியிலும், ஆஸ்பத்திரிகளிலும், தபால் கந்தோர்களிலும் கிளாக்கர் வேலை, ஸ்ரேசன் மாஸ்ரர் வேலை, டிறெஸர் வேலை கிடைத்தது. அவர்களில் பலர் பென்சனோடு ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினார்கள். திரும்பாதவர்களைத்தான் இங்கே தேடுகிறோம்.

ஊரில் "சிங்கப்பூர்" என்ற சொல்லுக்கு எல்லை இருக்கவில்லை. ஈப்போவில் வேலை செய்தவரும் சிங்கப்பூர்க்காரர், செரம்பானில் இருந்தவரும் சிங்கப்பூர்க்காரர். ஆனால் பதிவேடுகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் பிரித்தானியரின் நேரடி ஆட்சியில் நீரிணைக் குடியேற்றங்களாக இருந்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் மலாய் ஐக்கிய மாநிலங்கள். புகையிரதப் பகுதியின் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. பிறிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கங்களில் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்ததற்கு அதுதான் காரணம். ஆகவே "றெயில்வேயில் இருந்தவர்" என்று வீட்டில் ஒரு சொல் மிஞ்சியிருந்தால், "சிங்கப்பூரில் செத்தவர்" என்ற சொல்லை விட அதற்கே மதிப்புக் கூட. முதலில் கோலாலம்பூர்ப் பக்கம் தேடுங்கள்.

தேடல் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும், கணினியிலிருந்து அல்ல. குடும்பத்தில் வயது கூடியவரிடம் ஒரு மாலைப் பொழுது இருந்து கேளுங்கள்; கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். "எப்ப செத்தவர்?" என்று கேட்டால் "ஞாபகமில்லை" என்றுதான் பதில் வரும். "அப்ப உங்களுக்கு என்ன வகுப்பு? தம்பி பிறந்திட்டானோ? யப்பான்காரன் வந்திட்டானோ?" என்று கேட்டால் ஆண்டு தானாக வெளிவரும். பழைய படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். படம் பிடித்த ஸ்ரூடியோவின் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். அம்மம்மாவுக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் வந்திருந்தால் அந்தத் துண்டில் பகுதியும் இலக்கமும் இருக்கும். காணி உறுதி ஒன்றாவது தப்பியிருந்தால், உரிமை எப்படி வந்தது என்று நொத்தாரிசு எழுதிய பந்தியைக் கவனமாக வாசியுங்கள். "மேற்படியார் மலாய் நாட்டில் காலஞ்சென்றபடியால்" என்ற ஒரு வரி அங்கே இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுத்த அந்தச் சிறிய புத்தகத்தை நாங்கள் தேவாரத்துக்காகப் பாடிவிட்டு அலுமாரியில் போட்டுவிடுவோம். அதில் வம்ச வரலாறு இருக்கும், திதி வெண்பா இருக்கும். திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் வரும். ஆண்டு மட்டும் அறுபது வருடச் சுற்றுப் பெயரில் இருக்கும். "பிரபவ" என்று இருந்தால் அது 1867 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவோ, 1927 ஆகவோ, 1987 ஆகவோ இருக்கலாம். எது என்பதை அவரின் வயது சொல்லிவிடும். மலாயாவில் இறந்தவருக்கே கல்வெட்டு வெளியிட்டிருக்க வேண்டும் என்றில்லை. அவரின் தம்பிக்கு, மகளுக்கு, மருமகனுக்கு வெளியிட்டதிலும் அவர் பெயர் வரும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் ஏராளமாக மின்வடிவில் இருக்கின்றன, இலவசமாகவே வாசிக்கலாம். இந்து சாதனம், உதயதாரகை போன்ற பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளையும் அங்கே தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டில் கல்வெட்டு இருந்தால் அதையும் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். இன்னொருவரின் பேரனார் அதற்குள் இருக்கக்கூடும்.

அடுத்தது பெயர். தேடுகிறவர்கள் அதிகமாகத் தோற்றுப்போவது இங்கேதான். வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா, ஊரில் வேலுப்பிள்ளை கந்தையா. வெள்ளைக்காரனின் புத்தகத்தில் அவர் வி. கந்தையா ஆகவும் இருக்கலாம், "கந்தையா, வேலுப்பிள்ளையின் மகன்" என்று எஸ், சாய்கோடு, ஓ போட்ட முறையிலும் இருக்கலாம். எழுதியவர் வேலுப்பிள்ளையைக் குடும்பப் பெயர் என்று நினைத்திருந்தால், அகரவரிசையில் வேலுப்பிள்ளையின் கீழ்தான் கிடைப்பார். எழுத்துக்கூட்டல் இன்னொரு தலையிடி. கந்தையாவை ஆங்கிலத்தில் 'கே'யிலும் தொடங்குவார்கள், 'சி'யிலும் தொடங்குவார்கள். செல்லையா 'எஸ்'ஸிலும் வருவார், 'சி.எச்.'சிலும் வருவார். தம்பிக்கு 'ரி'க்குப் பின்னால் 'எச்' சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இராது. பிள்ளை என்பதன் கடைசி எழுத்து 'ஐ' ஆகவும் 'வை' ஆகவும் மாறும். ஒரு கொப்பி எடுத்து அவரின் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடி அடையாளம் போடுங்கள். இனம் என்ற இடத்திலும் ஒரே சொல்லை எதிர்பார்க்க வேண்டாம்: சிலோனீஸ், சிலோன் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ் என்று எதுவும் இருக்கலாம். அக்கறையில்லாத ஒரு எழுத்தர் இந்தியன் என்றும் எழுதியிருப்பார்.

பெயர்ப் பட்டியல் கையில் வந்ததும் பத்திரிகைக்குப் போங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகச் சபை பழைய பத்திரிகைகளை ஒளிப்பிரதி செய்து நியூஸ்பேப்பர் எஸ்.ஜி. என்ற இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. 1845 இல் தொடங்கிய ஸ்ரெயிற்ஸ் ரைம்ஸ், 1914 இல் தொடங்கிய மலாயா றிபியூன் இரண்டும் அங்கே உண்டு. சிங்கப்பூர்ப் பத்திரிகைதானே என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்குச் செய்திகளும் அவற்றில் வந்தன. றெயில்வேயில் ஒரு தலைமைக் கிளாக்கர் இறந்தால், எந்த ஊரவர், எத்தனை வருடம் சேவை, யாழ்ப்பாணத்தில் மனைவி மக்கள் எத்தனை பேர், ஈமக்கிரியை எங்கே நடந்தது என்று நாலு வரி வரும். குடும்பத்தவர் கொடுத்த நன்றி அறிவித்தலும் வரும், ஆண்டு நினைவு விளம்பரமும் வரும். பெயரைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள்: வட்டுக்கோட்டை, சாவகச்சேரி, உடுவில். அல்லது வேலையையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். மங்கிய பழைய அச்சைக் கணினி பிழையாக வாசிக்கும். ஒரு எழுத்து மாறினாலும் பெயர் அகப்படாது. பொறுமை வேண்டும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடியப்புறம் எழும்பியவர்களை எங்களுக்குத் தெரியும்.

பெண்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மலாயாவுக்குப் புருசனோடு போய், அங்கே பிள்ளைப்பேற்றில் இறந்த அம்மம்மாமார் எத்தனையோ பேர். பத்திரிகையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. "இன்னாரின் மனைவி" மட்டும்தான். ஆகவே கணவரின் பெயரில் தேடுங்கள். இறப்புப் பதிவில் மட்டும் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் இருக்கும். சில குடும்பங்களில் மூன்று தலைமுறையாக ஒருவரும் சொல்லாத அந்தப் பெயர் அங்கேதான் முதல் முறையாகக் கிடைக்கும்.

இறந்த ஆண்டும் ஊரும் ஓரளவு தெரிந்தபின் அரசாங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் 1872 முதல் பிறப்பு இறப்புப் பதிவுகள் உண்டு. இப்போது அவை குடிவரவு சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் பொறுப்பில் இருக்கின்றன. இறப்புப் பதிவின் பிரதிக்கு அங்கே விண்ணப்பிக்க வேண்டும். மலேசியாவில் இது தேசியப் பதிவுத் திணைக்களத்தின் வேலை. மலாய் மொழியில் ஜபாத்தான் பெண்டாஃப்தாரான் நெகாரா என்பார்கள், தலைமையகம் புத்ராஜாயாவில். அந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் யாராவது இருந்தால் அவரை நேரில் போய்க் கேட்கச் சொல்வதுதான் எங்கள் ஆலோசனை. நீங்கள் ஆறு கடிதம் எழுதுவதை விட அவர் ஒரு காலைநேரம் வரிசையில் நிற்பது பலன் தரும். முதல் பதில் "பதிவு இல்லை" என்று வந்தால் அதோடு விடாதீர்கள். வேறு எழுத்துக்கூட்டலோடும், முன்பின் ஆண்டுகளோடும் திரும்பக் கேளுங்கள்.

பதிவு கையில் வரும்போது மனத்தையும் ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் வீட்டில் சொன்ன கதை இராது. "காய்ச்சலிலை போனவர்" என்று சொல்லப்பட்டவருக்குச் சயரோகம் என்று இருக்கும். அந்தக் காலத்தில் அதை வெளியே சொன்னால் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் நடக்காது. தன்னுயிரைத் தானே மாய்த்தவர்களும் உண்டு. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் நீங்கள் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயரோ, மகன் என்று ஒருவரின் பெயரோ இருக்கலாம். ஊரில் ஒரு குடும்பமும் அங்கே ஒரு குடும்பமுமாக வாழ்ந்தவர்கள் இருந்தார்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் அபிப்பிராயம், அதை முதலில் நீங்கள் தனியே வாசியுங்கள். தொண்ணூறு வயது அம்மாவுக்கு நாளும் திதியும்தான் தேவை. மற்றதைச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை அவரின் மனநிலையை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் காகிதத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள்.

திதிக்கு வருவோம். பதிவில் நேரமும் இருந்தால் அதைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் மலாயாவின் மணிக்கூடு பல முறை மாற்றப்பட்டது. 1933 க்கு முன் கிறீனிச் நேரத்துக்கு ஏழு மணித்தியாலம் கூட. பிறகு ஏழேகால் மணிக்கு ஐந்து நிமிடம் அதிகம். 1941 இல் ஏழரை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் யப்பானியர் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள், அது ஒன்பது. இலங்கையின் வழமையான நேரம் ஐந்தரை. யப்பான்காரர் காலத்தில் அங்கே அதிகாலை 2 மணிக்கு ஒருவர் இறந்திருந்தால் எங்கள் பஞ்சாங்கக் கணக்குக்கு அது முதல் நாள் இரவு 10.30. திதி மாறிவிடலாம். ஐயரிடம் போகும்போது திகதியோடு நேரத்தையும், எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அதே காலத்துக் காகிதங்களில் 2602, 2603 என்று ஆண்டு இருந்தால் திகைக்க வேண்டாம். அது யப்பானியச் சக்கரவர்த்திகளின் ஆண்டுக் கணக்கு. 660 ஐக் கழித்தால் 1942, 1943 வரும்.

இனிக் கல்லறை. சைவர்கள் பெரும்பாலும் தகனம் செய்யப்பட்டார்கள், அவர்களுக்குக் கல்லறை இல்லை. சிங்கப்பூரில் மவுண்ட் வேர்ணன் அரச தகனசாலை வந்ததே 1962 இல்தான். அதற்கு முன் கட்டை அடுக்கிய சிதை. கிறிஸ்தவர்களுக்குச் சிங்கப்பூரில் முக்கியமான இடம் பிடாதாரி. 1908 இல் திறந்து 1972 இல் மூடினார்கள். 2001 க்கும் 2006 க்கும் இடையில் அங்கிருந்த கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. ஒரு சிறிய நினைவுப் பூங்காவில் சில கற்களை மட்டும் வைத்துவிட்டு, மிச்ச நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். உரிமை கோரச் சொல்லி உறவினர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அந்த வருடங்களில் எங்களில் எத்தனை பேர் சிங்கப்பூர்ப் பத்திரிகை பார்க்கும் நிலையில் இருந்தோம்? இப்போது சுவா சூ காங் மயானத்தில் புதைப்பதற்கும் 15 வருடம்தான் எல்லை. 1998 இல் வந்த விதி. இதனால்தான் கல்லை நம்ப வேண்டாம் என்றோம். மலேசியாவில் நிலைமை பரவாயில்லை. கோலாலம்பூர் செராஸ் வீதியிலும் பினாங்கு வெஸ்ரேண் வீதியிலும் பழைய கிறிஸ்தவ மயானங்கள் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பத்தவர்கள் மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்கத் தேவாலயங்களின் அடக்கப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். சைவர்கள் பிறிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோவில், சிங்கப்பூர் சிலோன் வீதிச் செண்பக விநாயகர் கோவில் போன்ற எங்கள் ஆட்கள் கட்டிய கோவில்களிலும், அங்குள்ள இலங்கைத் தமிழர் சங்கங்களிலும் விசாரிக்கலாம். அந்தச் சமூகத்தைப் பற்றி எஸ். துரைராஜசிங்கம் 1968 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும் பெயர்கள் நிறைய உண்டு.

யுத்தகாலத்தில் காணாமற் போனவர்களின் கதை வேறு. தொண்டர் படையில் இருந்து இறந்தவர்களின் பெயர்களைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் வைத்திருக்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில் மட்டும் 24,000 க்கும் மேற்பட்ட பெயர்கள். ஆனால் சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை. 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. பெருந்தொகையாக இறந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் உட்பட்ட ஆசியத் தொழிலாளருக்கு ஆளுக்கொரு பதிவு கிடையாது. உங்கள் பேரனார் அங்கே போனார் என்று உறுதியாகத் தெரிந்தால் திகதி தேடி அலையாதீர்கள். அவருக்கு ஆடி அமாவாசைதான் நாள்.

கடைசியாக, எங்கள் காலத்திலேயே இறந்தவர்களைப் பற்றி. எண்பதுகளில் அகதியாக வந்து ஜேர்மனியிலோ சுவிஸிலோ தனியாக இறந்த சித்தப்பாவும் நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு "வெளிநாட்டில் மோசம் போனவர்" ஆகிவிடுவார். இந்த இரண்டு நாடுகளிலும் கல்லறை நிரந்தரமல்ல. மயான விதிப்படி ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து வருடம். சில இடங்களில் அதிலும் கூடக்குறைய. அதன் பிறகு காசு கட்டி நீட்டக்கூடிய வகைக் கல்லறை என்றால் நீட்டலாம். சாதாரண வரிசைக் கல்லறை என்றால் அகற்றிவிடுவார்கள். 2000 ஆம் ஆண்டு புதைத்த ஒருவரின் இடம் இப்போது புல்லாக இருக்கலாம். ஆகவே மயான நிர்வாகத்துக்கு உடனே எழுதிக் கேளுங்கள். ஜேர்மனியில் இறப்புப் பதிவு இறந்த ஊர் ஸ்ராண்டெஸ்அம்ற்றில் 30 வருடம் இருக்கும். பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். அங்கே போனபின் பார்ப்பதற்குக் கட்டுப்பாடு குறைவு. இங்கிலாந்திலும் பிரான்சிலும் இறப்புச் சான்றிதழை உறவினர் என்று நிரூபிக்காமலே யாரும் எடுக்கலாம். பிரான்சில் இறந்த ஊர் மாநகரசபைக்கு எழுதினால் போதும், காசும் இல்லை.

இந்த நாடுகளின் பதிவுகளிலும் பெயர்ச் சிக்கல் உண்டு, மலாயாவை விட மோசம். வேறு ஆளின் பாஸ்போட்டில் வந்தவர்கள், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தவர்கள், தஞ்ச விண்ணப்பத்தில் பிறந்த திகதியை மாற்றியவர்கள் எல்லாரும் அந்தப் பெயரிலேயே, அந்தத் திகதியிலேயே இறந்து பதியப்பட்டிருக்கிறார்கள். அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவர்களுக்கும் இப்போது அறுபது, எழுபது வயது. இந்த வார இறுதியில் தொலைபேசி எடுத்துக் கேட்டு, ஊர்ப் பெயர், காகிதப் பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, படத்தின் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.